மண்ணும் மூச்சும்



அடி அண்ணாமலையில் வாழும் நம் மக்களுக்கு மலை என்பது கண் விழித்தவுடன் தென்படும் பொருள். பௌர்ணமி இரவுகளில் மலையைச் சுற்றி வருகின்ற பெருங்கூட்டம் நம் வீட்டு வாசல்களைக் கடந்துதான் செல்கிறது. அந்த மலையின் பாறைகள் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று நிலவியல் அறிஞர் கூறுவர். இதைக் கேட்டு நம்மில் எவரும் கலங்குவதில்லை. மலை எத்தனை பழையதாயினும் நமக்குக் கவலையில்லை. மனிதன் எத்தனை பழையவன் என்ற பேச்சு எழும்போதுதான் நம் உள்ளம் துணுக்குறுகிறது.

அந்தப் பேச்சு எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு ஞாயிறன்று எழுந்தது. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். அவளுடைய தந்தை கல் உடைக்கும் தொழிலாளி. கோவில் காரியங்களில் முன்நிற்பவர்.

"சாமி, எங்க சமூக அறிவியல் புத்தகத்திலே அத்திரம்பாக்கத்துல கிடைச்ச கல் கருவிக்குப் பல இலட்சம் வருஷம்னு போட்டிருக்கு. இங்கே ஆறாம் நாளிலே மனிதனைப் படைச்சார்னு படிக்கிறோம். பரீட்சையிலே ஒண்ணு, கோவில்ல ஒண்ணு சொல்லணுமா?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியாயிற்று. பின் வரிசையில் நின்றிருந்த அவள் தந்தையின் முகம் சிவந்தது. "உட்காரு!" என்று அதட்டினார்.

அந்த அதட்டல் என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் அதே சொல்லை நானும் ஒருநாள் சொன்னவன்.

என் குற்றம்

குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் பணியாற்றினேன். அங்கே ஒரு மாணவன் இதே கேள்வியைக் கேட்டான். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்று வந்தவன் நான். விடை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நேரம் குறைவு. திருப்பலிக்கு மணி அடித்துவிட்டது. கேட்ட விதத்தில் ஒரு துடுக்கு இருந்ததாகவும் எனக்குத் தோன்றியது. "குரங்கிலிருந்து வந்தவன் நீ வேண்டுமானால் அப்படி இரு, உட்கார்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் மறைக்கல்விக்கு வரவில்லை. சில ஆண்டுகளில் கோவிலுக்கும் வருவதை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அவன் விசுவாசத்தை விட்டதற்கு அறிவியலைக் காரணம் காட்டுவது எனக்கு எளிது. ஆனால் அன்று அவனை வெளியேற்றியது அறிவியலா, என் ஏளனமா? இந்தக் கேள்வி பல இரவுகளில் என் செபத்தின் நடுவே வந்து நின்றதுண்டு.

ஆகவே இம்முறை சிறுமியை நோக்கி, "நல்ல கேள்வி, அம்மா. அந்தக் கல்லை நேரில் பார்த்துவிட்டு வந்து பேசுவோம்" என்றேன். தந்தையையும் உடன் வரும்படி கேட்டுக்கொண்டேன். அவருக்கு மனமில்லை, ஆயினும் குருவின் சொல்லைத் தட்டவும் மனமில்லை.

பூண்டி நோக்கி

ஒரு சனிக்கிழமை விடியற்காலை, இருபது பிள்ளைகளும் சில பெற்றோரும் ஒரு வேனில் புறப்பட்டோம். காஞ்சிபுரம், திருப்பெரும்புதூர், திருவள்ளூர் வழியாகப் பூண்டியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் இருக்கும் ஊர் என்றே பலரும் பூண்டியை அறிவர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகமும் அங்கே உள்ளது என்பதை அறிந்தோர் சிலரே.

பெரிய மாளிகையை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். கண்ணாடிப் பேழைகளில் கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. கைக்கோடரிகள், வெட்டுக்கருவிகள், சுரண்டிகள், விரல் நகம் போன்ற நுண்கருவிகள், பிற்காலத்து மக்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்த சுடுமண் பேழை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால், மனிதனின் நீண்ட பயணத்தைச் சில நிமிடங்களில் கடந்து விடலாம்.

பிள்ளைகளுக்கு முதலில் பல்லாவரத்துக் கதையைச் சொன்னேன். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளைஞர், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இயற்கையில் உடைந்த கல் அன்று, மனிதக் கை செதுக்கிய கருவி என்று அவர் கண்கள் அறிந்துகொண்டன. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற தம் தோழருடன் கொசத்தலையாற்றுப் பகுதிக்குச் சென்று அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்.

இந்த ஃபூட் யாருடைய மருமகன் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் மறைப்பணியாற்றி, ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன். மாமனார் தொடக்கநூலைத் தமிழில் பெயர்த்தார். மருமகன் தமிழ் மண்ணிலிருந்து ஆதி மனிதனின் கைவேலையை எடுத்தார். ஃபூட் 1912ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பதினைந்து இலட்சம் ஆண்டுகள்

"வயசை எப்படிச் சாமி கண்டுபிடிச்சாங்க? கல் பேசுமா?" என்று ஒரு சிறுவன் கேட்டான்.

பேசும், கேட்கத் தெரிந்தவர்க்குப் பேசும். அத்திரம்பாக்கத்தில் 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் முறையாக அகழ்ந்தனர். விண்வெளியிலிருந்து நுண்கதிர்கள் இடைவிடாமல் பூமியின் மேல் விழுகின்றன. வெயிலில் கிடக்கும் படிகக் கல்லில் அக்கதிர்கள் இரண்டு வகையான அரிய அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்கடியில் ஆழப் புதைந்துவிட்டால் புதிய அணுக்கள் உண்டாவது நின்றுவிடும்; பழையவை மட்டும் மெல்ல மெல்ல அழியும். ஒன்று விரைவாகவும் மற்றொன்று தாமதமாகவும் அழிவதால், எஞ்சியிருக்கும் இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று கணக்கிடலாம். எண்ணெய் எவ்வளவு குறைந்துள்ளது என்று பார்த்து, விளக்கு எத்தனை நாழிகை எரிந்தது என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா? அதுபோலத்தான்.

இவ்வழியில் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்ற முடிவு 2011ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதே இடத்தின் மேலடுக்குகளில் கிடைத்த சிறிய, நுட்பமான கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்று 2018ஆம் ஆண்டு அறிவித்தனர். நீர் எருமை, குதிரை, நீலான் ஆகியவற்றின் பற்களும் அங்கே கிடைத்துள்ளன. ஆனால் கருவி செய்தவரின் எலும்பு ஒன்றேனும் கிடைக்கவில்லை. அவர்கள் நம்மைப் போன்ற மனிதரல்லர், நமக்கு முந்திய மனித இனத்தார் என்று அறிஞர் கருதுவர். அவர்களுடைய முகம் நமக்குத் தெரியாது. கையின் வேலை மட்டும் தெரியும்.

கல் தொழிலாளியின் சாட்சியம்

நான் இவ்வாறு விளக்கிக்கொண்டிருக்கையில், சிறுமியின் தந்தை ஒரு பேழையின் முன் குனிந்தபடியே நெடுநேரம் நின்றிருந்தார். அருகில் சென்றேன்.

"சாமி, இது தானா உடைஞ்ச கல் இல்லீங்க" என்றார். "எந்தப் பக்கம் அடிச்சா சில்லு எப்படித் தெறிக்கும்னு தெரிஞ்சவன்தான் இப்படி அடிக்க முடியும். இந்தப் பக்கம் பாருங்க, பெரிய அடி. ஓரத்துல சின்னச் சின்ன அடி. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நடுவுல ஒரு அடி தப்பியிருந்தா கல் ரெண்டாப் போயிருக்கும். இதைச் செஞ்சவன் கல்லை எடுக்கும்போதே மனசுல உருவத்தை வச்சிருந்தான்."

முப்பது ஆண்டுகள் பாறையோடு போராடிய கை அது. நூலில் நான் படித்ததை அவர் உள்ளங்கையால் அறிந்திருந்தார். தம் மகளை அழைத்து, ஒவ்வோர் அடியும் எங்கே விழுந்தது, எந்த வரிசையில் விழுந்தது என்று கண்ணாடியின் மேல் விரல் வைத்துக் காட்டினார். காலையில் தலை குனிந்தே வந்த சிறுமி தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு ஆசிரியர் நான் அல்லேன்.

பின்பு அத்திரம்பாக்கத்திற்கும் சென்றோம். ஓடைகள் அரித்த செம்மண் நிலம், முட்புதர், எங்கும் கற்கள். ஒரு பையன் கைக்கோடரி போன்ற ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். சிறுமியின் தந்தைதான், "வச்சிடு தம்பி. செஞ்சவன் வச்ச எடத்துல இருக்கட்டும்" என்று தடுத்தார்.

திருச்சபை என்ன சொல்கிறது?

மாலையில் நீர்த்தேக்கத்தின் கரையில் மரநிழலில் அமர்ந்தோம். இனி நான் விடை சொல்ல வேண்டிய நேரம்.

தொடக்கநூல் கல்லின் வயதைக் கணக்கிட எழுதப்பட்ட நூலன்று. உலகம் யாரால் உண்டானது, மனிதன் யாருக்கு உரியவன், தீமை எங்கிருந்து வந்தது என்பவற்றை அக்காலத்து மக்களின் மொழியிலும் உருவகத்திலும் உரைக்கும் நூல் அது. இறைவாக்கைப் புரிந்துகொள்ள, அது எந்த இலக்கிய வகையில் எழுதப்பட்டது என்று ஆராய வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் போதித்தது. இது புதுமைப் போதனையும் அன்று. வானையும் மண்ணையும் பற்றிக் கற்றவர் நன்கறிந்த செய்தியில், கிறிஸ்தவர் விவிலியத்தின் பெயரால் பிதற்றினால், அவர்கள் உயிர்ப்பையும் விண்ணரசையும் பற்றிச் சொல்வதை யார் நம்புவர் என்று புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். அன்று அவர் வார்த்தைகளை நான் நினைவில் கொண்டிருந்தால், ஒரு மாணவனை இழந்திருக்க மாட்டேன்.

1950ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்பதைக் கற்றறிந்தோர் ஆராயலாம் என்றார். ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை உறுதியாகப் பற்றிக்கொள்ளவும், மனித குலத்தின் முதற் பெற்றோர் பற்றிய போதனையில் எச்சரிக்கையாயிருக்கவும் பணித்தார். 1996ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பரிணாமக் கொள்கை இன்று வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். ஆயினும் மனித ஆன்மாவைப் பருப்பொருளின் விளைவு என்று கொள்ள இயலாது என்பதையும் வலியுறுத்தினார்.

குகைகளில் விளக்கேந்தி இறங்கியவர்களில் நம் குருக்களும் இருந்தனர் என்பதைப் பிள்ளைகள் வியப்புடன் கேட்டனர். 1908ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லா ஷாப்பெல் என்ற ஊரின் குகையில் நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர்கள் புயிசோனி சகோதரர்கள், அவ்விருவரும் குருக்கள். ஒரு குழியில் கிடத்தப்பட்டிருந்த முதியவர் அவர். பற்களில் பெரும்பாலானவற்றை இழந்தவர். மூட்டு நோயால் வருந்தியவர். 50,000 ஆண்டுகளுக்கு முன், கடித்து உண்ணவும் வேட்டைக்கு ஓடவும் இயலாத ஒரு கிழவருக்கு யாரோ உணவு ஊட்டியிருக்க வேண்டும், இறந்தபின் குழி வெட்டி அடக்கம் செய்திருக்க வேண்டும் என்று பல அறிஞர் கருதுகின்றனர். எத்தனையோ அடக்கச் சடங்குகளை நடத்திய எனக்கு, அந்தக் குழி அந்நியமாகத் தோன்றவில்லை.

இயேசு சபைக் குரு தெயார் த ஷர்தேன் சீனாவில் பீக்கிங் மனிதன் கிடைத்த ஆய்வில் பங்கு கொண்டார். 1935ஆம் ஆண்டு நம் இந்தியாவிற்கும் வந்தார். அவருடைய சில கருத்துக்கள் பற்றித் திருச்சபை 1962ஆம் ஆண்டு எச்சரிக்கை விடுத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. குகை ஓவிய ஆய்வின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ஹென்றி புரோய் அவர்களும் ஒரு குருவே.

புரோய் வாழ்வில் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1879ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் சௌத்துவோலா என்ற பெருமகனார் அல்தமீரா குகைத் தரையில் கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தார். உடன் சென்ற எட்டு வயது மகள் மரியாதான் தலையை உயர்த்திக் கூரையிலிருந்த காட்டெருமை ஓவியங்களைக் கண்டாள். தந்தை அதை உலகுக்கு அறிவித்தபோது, கற்றறிந்தோர் எள்ளி நகைத்தனர். மோசடி என்றும் பழித்தனர். 1888ஆம் ஆண்டு அவர் அந்த அவமானத்தோடே இறந்தார். அவரை மறுத்தவருள் முதன்மையானவரான கார்த்தயாக் என்ற அறிஞர் 1902ஆம் ஆண்டு, 'என் பாவமே' என்று பொருள்படும் தலைப்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கட்டுரை எழுதினார். அவ்வாண்டு அவரோடு அக்குகைக்குச் சென்று ஓவியங்களைப் படியெடுத்தவர் இளங்குரு புரோய். ஆகவே கேள்வியை ஏளனம் செய்யும் குற்றம் குருக்களுக்கு மட்டும் உரியதன்று. அறிவியலாரும் அதில் விழுந்திருக்கின்றனர். மன்னிப்புக் கேட்கும் வீரம் அவர்களுள் ஒருவருக்கு இருந்தது.

"அப்படின்னா சாமி, அந்தக் கைக்கோடரி செஞ்சவனுக்கு ஆன்மா இருந்ததா?" என்று சிறுமி கேட்டாள்.

"தெரியாது, அம்மா. எந்தக் கருவியாலும் அதை அளக்க முடியாது. இறைவன் மண்ணை எடுத்து மனிதனை உருவாக்கித் தம் மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் சொல்கிறது. மண்ணை எவ்வளவு காலம் பிசைந்தார் என்று அறிவியல் ஆராயட்டும். மூச்சை ஊதியவர் யார் என்று விசுவாசம் சொல்லும். பரீட்சையில் ஒன்று, கோவிலில் ஒன்று என்று நீ எழுத வேண்டாம். உண்மைக்குக் கடவுள் ஒருவரே" என்றேன்.

கீழ்வாலைப் பாறையில்

பிள்ளைகள் விடவில்லை, ஓவியமும் பார்க்க வேண்டும் என்றார்கள். கிழக்கே இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், குறைந்தது 51,200 ஆண்டுகள் பழமையான குகை ஓவியம் இருப்பதாக 2024ஆம் ஆண்டு அறிவித்தனர். மத்தியப் பிரதேசத்துப் பிம்பேட்காவின் பாறை ஓவியங்களை 1957ஆம் ஆண்டு வாகங்கர் என்ற அறிஞர் கண்டறிந்தார். 2003 முதல் அவை உலகப் பாரம்பரியச் சின்னம். அவ்வளவு தூரம் செல்ல நமக்கு வசதி ஏது? ஆனால் அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் கீழ்வாலை இருக்கிறதே! அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மாலை அங்கே சென்றோம்.

கருங்கல் பாறைகளின் மறைவில் செங்காவி நிறத்தில் சிறிய உருவங்கள் தெரிகின்றன. விலங்கின் மேல் அமர்ந்த ஒருவர்; அதை நடத்திச் செல்லும் மற்றொருவர்; பறவையின் முகம் போன்ற தலைகள்; படகில் நிற்கும் மனிதர். ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர் கருதுவர். அதாவது, தாவீது அரசர் எருசலேமில் ஆண்ட காலத்தை ஒட்டி, இங்கே யாரோ ஒருவர் காவிக்கல்லை அரைத்துப் பாறையின் முன் அமர்ந்திருக்கிறார். உண்பதற்கும் உடுப்பதற்கும் உதவாத ஒரு வேலையில் அந்தப் பொழுதைச் செலவிட்டிருக்கிறார். விலங்கு தன் பசிக்கு வேட்டையாடும். வேட்டையாடியதை வரைந்து வைக்காது. மண்ணில் மூச்சு கலந்ததற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும் என்று எண்ணினேன்.

சுற்றிலும் பார்த்தேன். அருகிலுள்ள பாறைகளில் கல் உடைத்த வடுக்கள். எங்கள் தொழிலாளி அவற்றையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாமி, இந்தப் பாறையை உடைக்கச் சொல்லிக் கூலி கொடுத்திருந்தா நானும் உடைச்சிருப்பேன். தெரியாம உடைச்சிருப்பேன். என் கையில எத்தனை போச்சோ!"

நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். தெரியாமல் உடைத்தவர் அவர். தெரிந்தே உடைத்தவன் நான்; நான் உடைத்தது பாறையும் அன்று.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் கேள்வி விசுவாசத்தின் பகை அன்று. விசுவாசத்தில் அக்கறை இல்லாத பிள்ளை கேள்வியே கேட்காது. ஓசையின்றி எழுந்து போய்விடும். விடை தெரியாவிட்டால், "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. கோடை விடுமுறையில் ஒருநாள் பூண்டிக்கோ எழும்பூருக்கோ அழைத்துச் செல்லுங்கள். பாறை ஓவியங்களைக் கண்டால், தொடாமலும் பெயர் கீறாமலும் பார்த்துவரப் பழக்குங்கள். நம் ஊர்ப் பக்கம் பழைய கல்லோ ஓவியமோ தென்பட்டால் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

அச்சிறுமி இப்போது சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் உதவுகிறாள். ஆறு நாள் கதையைச் சொல்லும்போது தன் தந்தையை அழைத்து, கைக்கோடரி செய்வது எப்படி என்று காட்டச் சொல்கிறாள். அவரும் உற்சாகத்தோடு ஒரு கல்லை எடுத்து அடித்துக் காட்டுகிறார். இதுவரை மூன்று கற்கள் இரண்டாகப் பிளந்ததுதான் மிச்சம். "பதினஞ்சு இலட்சம் வருஷத்துக்கு முந்தி இருந்தவன் என்னைவிடக் கெட்டிக்காரன்" என்று சிரிக்கிறார்.

கீழ்வாலையிலிருந்து திரும்பிய இரவு, என் பழைய மாணவனின் முகவரியை அவன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுப் பெற்றேன். அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விளக்கங்கள் எதையும் எழுதவில்லை. "அன்று நீ கேட்டது நல்ல கேள்வி. நான் சொன்னது தவறு. என்னை மன்னித்துவிடு" என்று மட்டும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அவனுக்காகவும் எனக்காகவும் செபியுங்கள்.